இருபத்தைந்துக்குப் பிறகு: ஐதராபாத் கத்தோலிக்க வீடுகளில் கிறிஸ்து பிறப்புக் காலம்

தெலங்கானா அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் டிசம்பர் 25ஐ அடுத்து 26ஆம் தேதியும் இடம்பெறுகிறது. தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் விடுமுறை, இங்கே இரண்டு. ஐதராபாத், செகந்திராபாத் இரட்டை நகரங்களின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அந்த இரண்டாம் நாள், முதல் மறைச்சாட்சியான புனித முடியப்பரின் திருநாள். அரசின் விடுமுறையும் திருச்சபையின் திருநாளும் இப்படி ஒரே தேதியில் வந்து விழுவது பெரிய வசதி. ஆனால் அன்றைக்குப் பெரும்பாலான வீடுகள் களைத்துக் கிடக்கின்றன. நள்ளிரவுத் திருப்பலி, மறுநாள் விருந்து, உறவினர் வருகை எல்லாம் ஓய்ந்து, பண்டிகை முடிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. வழிபாட்டு ஆண்டின் கணக்கிலோ அது அப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

கிறிஸ்து பிறப்புக் காலம் டிசம்பர் 24 மாலையில் தொடங்கி ஆண்டவருடைய திருமுழுக்கு விழாவோடு நிறைவடைகிறது. மூன்று ராஜாக்களின் வருகையைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவின் மரபான தேதி ஜனவரி 6. இந்தியாவில் அதை ஜனவரி 2க்கும் 8க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடுகிறோம். அதற்கடுத்த ஞாயிறு திருமுழுக்கு விழா. திருக்காட்சி 7 அல்லது 8ஆம் தேதியில் வந்தால் மறுநாள் திங்களன்றே. ஆகவே இந்தக் காலம் ஆண்டைப் பொறுத்து 15 நாள் முதல் 20 நாள் வரை நீளும். 2025 கிறிஸ்துமஸுக்குப் பின் திருக்காட்சி 2026 ஜனவரி 4, திருமுழுக்கு ஜனவரி 11. மொத்தம் 18 நாள். பிறப்பு விழாவுக்கும் திருக்காட்சிக்கும் இடைப்பட்ட நாள்களை ஒரே விழாக்காலமாக எண்ணும் வழக்கம் 567இல் பிரான்ஸின் தூர் நகரில் கூடிய சங்கத்தின் காலத்திலேயே இருந்தது. இன்றைய வடிவம் 1969இல் திருத்தப்பட்ட உரோமை நாட்காட்டியிலிருந்து வருகிறது. ஜனவரி 1 மரியா இறைவனின் தாய் பெருவிழா ஆனதும், திருக்குடும்ப விழா கிறிஸ்து பிறப்பின் எட்டு நாள்களான எண்கிழமைக்குள் வரும் ஞாயிற்றுக்கு நகர்ந்ததும் அப்போதுதான்.

இந்த 18 நாளில் பாதிக்கு மேல் வேலை நாள்கள். அதிகாலைத் திருப்பலிக்கு வரக்கூடியவர்கள் சிலர்தான். கடைத்தெரு 26ஆம் தேதியே புத்தாண்டுக்குத் தாவிவிடுகிறது. எனவே இந்தக் காலத்தைக் காப்பாற்றும் பொறுப்பு வீட்டின் மேல் விழுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்று அழைத்ததை மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்தச் சொல்லுக்கு ஆண்டில் ஒரு சோதனைக் காலம் உண்டென்றால் அது டிசம்பர் 26க்கும் திருமுழுக்கு விழாவுக்கும் இடைப்பட்ட நாள்கள்தான் என்பது என் எண்ணம்.

ஐதராபாத்தில் இந்தச் சோதனை சற்றுக் கடுமையானது. டிசம்பர் பிறந்ததும் இந்த நகரத்தில் 'செமி கிறிஸ்துமஸ்' கூட்டங்கள் தொடங்கிவிடும். அலுவலகத்தில், பள்ளியில், காலனியில், சபையில் பண்டிகைக்கு முன்பே கூடிப் பாடி, கேக் வெட்டி, விருந்துண்ணும் தெலுங்குக் கிறிஸ்தவ வழக்கம் அது. மாநில அரசு எல்.பி. ஸ்டேடியத்தில் நடத்தும் கிறிஸ்துமஸ் விருந்தும் 25க்கு முந்தைய நாள்களில்தான் நடக்கிறது. பங்குகளின் கேரல் குழுக்கள் இரவெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கும். திருவருகைக் காலத்தின் அமைதியை இவை விழுங்கிவிடுகின்றன என்று வருந்தும் கத்தோலிக்கர்கள் உண்டு. எனக்கு அந்த மனத்தாங்கல் இல்லை. இந்து, முஸ்லிம் நண்பர்கள் வந்து அமரும் இடம் செமி கிறிஸ்துமஸ். அது ஒரு விருந்தோம்பல். அங்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, உரிய காலம் வரும்போது வெறுங்கையோடு நிற்பதில்தான் இழப்பு இருக்கிறது. ஆகவே முன்னால் நடப்பதைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை. பின்னால் வரும் நாள்களுக்கென்று சிலவற்றை எடுத்து வைக்கச் சொல்லலாம்.

எடுத்து வைக்க இங்குள்ள வீடுகளில் ஏராளம் இருக்கிறது. இந்த நகரத்தின் கத்தோலிக்க வாழ்வு பெருமளவு படைமுகாமோடு சேர்ந்து வளர்ந்தது. 1798 ஒப்பந்தத்தை அடுத்து நிஜாமின் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நிலைகொண்டது. 1806இல் அந்த முகாமைச் சுற்றி எழுந்த ஊருக்கு மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் என்று பெயர் வைத்தார்கள். மதராஸ் படைப்பிரிவுகளோடு சிப்பாய்களாகவும் சமையல்காரர்களாகவும் கணக்கர்களாகவும் வணிகர்களாகவும் தமிழர்கள் வந்தார்கள். திருமலகிரி, பொல்லாரம் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்வதன் வேர் அங்கே இருக்கிறது. அயர்லாந்துக் குரு டேனியல் மர்பி 1847இல் தொடங்கிய புனித மரியன்னை ஆலயம் 1850இல் நிறைவடைந்தது. 2008இல் அது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. மர்பி பின்னர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குப் போய், ஹோபார்ட் நகரின் முதல் பேராயராக இறந்தார். அயர்லாந்துக் குருக்களுக்குப் பிறகு மிலான் நகரின் மறைபரப்புக் குருக்கள் வந்தார்கள். அவர்கள் காலத்தில் 1870இல் கன்ஃபவுண்ட்ரியில் புனித சூசையப்பர் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1875 கிறிஸ்துமஸன்று அங்கே திருப்பலி நடந்தது. இன்று உயர்மறைமாவட்டத்தின் பேராலயம் அதுவே.

ரயில்வேயோடு ஆங்கிலோ இந்தியர்கள் லாலாகூடா, மெட்டுகூடா குடியிருப்புகளில் குடியேறினார்கள். கோவா, மங்களூர், கேரளக் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. ஆகவே செகந்திராபாத்தின் ஒரு தெருவில் டிசம்பர் பலகாரத் தட்டு எப்படியிருக்கும் என்று கேட்டால், பல ஊர்கள் ஒரே தட்டில் என்றுதான் சொல்ல வேண்டும். தமிழ் வீட்டு அச்சு முறுக்கும் அதிரசமும், ஆங்கிலோ இந்திய வீட்டின் கல்கலும் பிளம் கேக்கும், வீட்டில் போட்ட திராட்சை வைனும் அதில் இருக்கும். காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும், மதியம் பகாரா சோறோ பிரியாணியோ, பிறகு டபுள் கா மீட்டா. முந்திரி, உலர்பழம், மாவு, முட்டை, வெண்ணெய் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து பேக்கரிக்கு எடுத்துப்போய், கண்ணெதிரே கலக்கி, அங்குள்ள அடுப்பில் சுட்டு வாங்கி வரும் வழக்கம் இந்த நகரத்தில் இன்னும் சாகவில்லை.

இவ்வளவும் 25 மதியத்துக்குள் தட்டுத் தட்டாகப் பறந்துவிடுகிறது. பன்னிரண்டு வீட்டுக்குத் தட்டு கொடுக்கிற குடும்பம், 25ஆம் தேதி ஆறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத் திருக்காட்சி வரை கொண்டுபோனால் என்ன? அச்சு முறுக்கும் கல்கலும் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். பழம் ஊறிய கேக் அதற்கு மேலும் தாங்கும். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவது அப்போது உட்கார்ந்து பேசிவிட்டு வருவதாக மாறும். பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு போகட்டும். பக்கத்து வீட்டு முஸ்லிம் பாட்டியிடமோ மேல்மாடி மார்வாடிக் குடும்பத்திடமோ, "இன்னிக்கும் எங்களுக்குக் கிறிஸ்துமஸ்தான்" என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை சொல்வதைவிட நல்ல மறைக்கல்வி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது குடில். அசிசியின் புனித பிரான்சிஸ் 1223இல் கிரெச்சோ என்ற மலைக்கிராமத்தில் தீவனத்தொட்டியையும் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் வைத்து நடத்திய கிறிஸ்து பிறப்பு வழிபாட்டை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே கிரெச்சோவில்தான் குடிலைப் பற்றிய திருமடலில் கையெழுத்திட்டார். வீடுகளில் குடில் அமைக்கும் மரபு தளராமல் இருக்க வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார். நம் வீடுகளில் குடில் கட்டும் அழகே தனி. பழைய டின்னிலும் தட்டிலும் கேழ்வரகு தூவி, பத்து நாள் தண்ணீர் தெளித்து, பசுமை எழும்பியதும் அதைப் புல்வெளியாக வைப்போம். பாலன் இயேசு சொரூபத்தை நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்தபின் வீட்டின் கடைக்குட்டி கிடத்தும்.

அதோடு குடில் உறைந்துபோகிறது என்பதுதான் குறை. முதல் நாளே மூன்று ராஜாக்களையும் ஒட்டகத்தோடு கொண்டுவந்து நிறுத்திவிட்டால், பிறகு அங்கே நடக்க ஒன்றுமில்லை. ராஜாக்களை வீட்டின் கிழக்கு மூலையில், புத்தக அலமாரியிலோ ஜன்னல் விளிம்பிலோ வைத்துவிட்டு, ஒவ்வொரு நாள் மாலை செபத்துக்குப் பிறகும் ஒரு முழம் நகர்த்தும் வழக்கம் பல நாட்டுக் கத்தோலிக்க வீடுகளில் உண்டு. நகர்த்தும் பிள்ளை அன்றைய தேதியையும் அன்றைய திருநாளையும் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பெரியவர்கள் பாடம் நடத்த வேண்டிய அவசியமே இல்லை. கேழ்வரகையும் 26ஆம் தேதி இன்னொரு தட்டில் தூவிவிடலாம். முதல் பசுமை சாயும்போது இரண்டாவது எழும்பும், ராஜாக்கள் வரும்போது குடில் காய்ந்து கிடக்காது. உரோமை புனித பேதுரு சதுக்கத்தின் குடில்கூடத் திருமுழுக்கு விழாவுக்கு முன்பு கலைக்கப்படுவதில்லை. நம் வீட்டுக் குடிலை ஜனவரி 2 அன்று அட்டைப்பெட்டிக்கு அனுப்ப அப்படி என்ன அவசரம்?

முடியப்பரின் நாளுக்கு வருகிறேன். திருத்தூதர் பணிகள் நூலின்படி அவர் தெரிந்தெடுக்கப்பட்டது உணவுப் பந்தியில் பணி செய்ய. கைம்பெண்களுக்கான அன்றாடப் பங்கீட்டில் பாரபட்சம் இருக்கிறது என்ற முறையீடு எழுந்தபோது நியமிக்கப்பட்ட எழுவரில் அவர் முதல்வர். இதை நினைத்தால் 26ஆம் தேதி விடுமுறையில் ஒரு குடும்பம் செய்ய வேண்டியது தானே விளங்கும். 25 அன்று நம் அடுக்குமாடியின் வாசலில் காவல் இருந்தவர், அன்றும் குப்பை எடுக்க வந்தவர், நமக்காக அரைத்தும் கழுவியும் கொடுத்தவர் ஆகியோருக்கு அன்றைக்குத்தான் பந்தி. மிச்சத்தைச் சூடாக்கிக் கொடுப்பதை நான் சொல்லவில்லை. அன்று காலை புதிதாகச் சமைத்து, மேசையில் இலை போட்டு, வீட்டுப் பிள்ளைகள் பரிமாற வேண்டும்.

27ஆம் தேதி நற்செய்தியாளர் யோவானின் திருநாள். அன்று திராட்சை இரசத்தை ஆசீர்வதிக்கும் வழக்கம் பழைய உரோமைச் சடங்கு நூலில் உண்டு. வீட்டில் வைன் போடும் செகந்திராபாத் குடும்பங்கள் முதல் புட்டியை அன்றைக்குத் திறக்கலாம். யோவானின் முதல் திருமுகத்தை இந்தக் காலத்தின் வார நாள் திருப்பலிகளில் தொடர்ந்து வாசிக்கிறார்கள். அதில் ஐந்தே அதிகாரங்கள். இரவு உணவுக்குப் பின் நாளுக்குப் பத்துப் பதினைந்து வசனம் என்று குடும்பமாக வாசித்தால் திருமுழுக்கு ஞாயிற்றுக்குள் முடிந்துவிடும். பாட்டிக்குத் தமிழ், பிள்ளைக்கு ஆங்கிலம் அல்லது தெலுங்கு என்று மாறி மாறி வாசிக்கும் வீடுகள் இந்த நகரத்தில் அதிகம், அது குறையல்ல.

28 மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். ஏரோதின் கொடுமையைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிப் பல பெற்றோர் அதைக் கடந்துவிடுகிறார்கள். கதையை மறைக்கத் தேவையில்லை. பெற்றோர் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கும் சிறு சடங்கு அந்த நாளுக்குப் பொருந்தும். 2025இல் 28ஆம் தேதி ஞாயிறு என்பதால் திருக்குடும்ப விழா அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. மக்களின் பக்தி முயற்சிகளையும் திருவழிபாட்டையும் பற்றி வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் 2001இல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. திருக்குடும்ப விழாவில் பிள்ளைகளை ஆசீர்வதிப்பதையும், கணவனும் மனைவியும் திருமண வாக்குறுதிகளைப் புதுப்பிப்பதையும் அது பரிந்துரைக்கிறது. இதற்குக் கோயில் மேடை வேண்டியதில்லை. பிள்ளைகள் பார்த்திருக்க, குடிலுக்கு முன் அப்பாவும் அம்மாவும் அந்த வாக்கை மறுபடி சொல்வது போதும்.

நான் மிகவும் விரும்பும் நாள்கள் 29உம் 30உம். 29இல் சிமியோனைப் பற்றிய நற்செய்தி வாசகம். 30இல் 84 வயது அன்னாவைப் பற்றியது. கோவிலுக்கு எடுத்துவரப்பட்ட குழந்தையை அடையாளம் கண்டுகொண்டவர்கள் இந்த இரண்டு முதியவர்கள். ஐதராபாத்தின் பழைய கத்தோலிக்கத் தெருக்களிலோ இன்று முதியவர்கள் தனித்திருக்கிறார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் இளைய தலைமுறை பெருமளவு ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் போய்விட்டது. தமிழ், தெலுங்குக் குடும்பங்களின் பிள்ளைகள் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும். அவர்களுக்கு 25ஆம் தேதி வீடியோ அழைப்பு வரும், 26ஆம் தேதி வீடு மௌனமாகும். இந்த இரண்டு நாளில் ஒரு குடும்பம் தன் பங்கில் உள்ள ஒரு முதியவரையோ மூதாட்டியையோ போய்ப் பார்க்கட்டும். கைக்குழந்தை இருக்கும் குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகட்டும். அன்றைய நற்செய்தி அந்த அறையிலேயே நடந்தேறும். கேரல் குழுக்களும் ஓர் இரவை இதற்கென்று ஒதுக்கலாம். 25க்கு முன் பாடிய அதே பாட்டுகள்தாம். பாட வேண்டிய காலமும் இதுதான்.

31 இரவு ஆலயங்கள் நிரம்பி வழியும். அதை விளக்க வேண்டியதில்லை. ஜனவரி 1 அன்று நாம்பள்ளிக் கண்காட்சி தொடங்கிவிடுவதால் பிள்ளைகளின் மனம் அங்கே ஓடும். ஓடட்டும். தேவதாயின் பெருவிழாத் திருப்பலிக்குப் பிறகு கண்காட்சிக்குப் போவதும் பண்டிகைதான்.

திருக்காட்சிதான் இந்த நகரத்தில் மெலிந்துபோன விழா. கோவாவின் சாந்தோர், கன்சாவ்லிம், ரெய்ஸ் மாகோஸ் ஊர்களில் மூன்று ராஜாக்கள் திருநாள் ஊரே கூடும் திருவிழா. நமக்கு ஒரு காலத்தில் குருக்களை அனுப்பிய மிலானில் ஜனவரி 6 அன்று ராஜாக்கள் வேடமிட்ட ஊர்வலம் புனித எவுஸ்தோர்ஜியோ ஆலயத்துக்குப் போகிறது. மூவரின் திருப்பண்டங்கள் என்று போற்றப்படுபவை 1164இல் கொலோனுக்குக் கொண்டுபோகப்படும் வரை அந்த ஆலயத்தில்தான் இருந்தன. ஐதராபாத்திலோ ஞாயிறு திருப்பலியின் வாசகத்தோடு விழா முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் அதன் சின்னம் நம் ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஒரு மாதமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. காகித நட்சத்திரம் ஞானிகளின் கதையைச் சேர்ந்தது. புத்தாண்டு விடிந்ததும் அதைக் கழற்றிவிடுகிற வீடுகளில், நட்சத்திரம் தன் சொந்தத் திருநாளைப் பார்ப்பதே இல்லை. கடைசி விளக்கு திருக்காட்சி இரவு வரை எரியட்டும்.

அன்றைக்கு வீடு மந்திரிப்பதும் மரபு. பங்குக் குரு ஒரே நாளில் நூறு வீடு ஏற முடியாது. குடும்பத் தலைவரோ தலைவியோ செபித்து அறை அறையாகத் தீர்த்தம் தெளிக்கலாம். மந்திரித்த சாக்கட்டியால் வாசல் நிலையில் சிலுவைக் குறிகளையும், ஆண்டையும், காஸ்பர், மெல்கியோர், பல்தசார் என்னும் பெயர்களின் முதலெழுத்துகளையும் எழுதும் வழக்கத்தையும் 2001 வழிகாட்டி குறிப்பிடுகிறது. ஐரோப்பியப் பழக்கம்தான். ஆனாலும் வாசலில் கோலமும் நிலையில் மஞ்சளும் பார்த்து வளர்ந்த ஊரில் அது அந்நியமாகத் தெரியாது. அதே வழிகாட்டி சொல்லும் இன்னொன்று எனக்கு இன்னும் பிடித்தது: திருக்காட்சியன்று அந்த ஆண்டின் உயிர்ப்புப் பெருவிழா எப்போது என்று அறிவிப்பது. 2026இல் அது ஏப்ரல் 5. ராஜாக்கள் குடிலுக்குள் வந்து சேர்ந்ததும் புதிய காலண்டரைச் சுவரிலிருந்து இறக்கி, சாம்பல் புதன், உயிர்ப்பு, பங்குத் திருவிழா, பிள்ளைகளின் பெயர்கொண்ட புனிதர்களின் நாள்கள், செப்டம்பர் 8 வேளாங்கண்ணி ஆகியவற்றைக் குடும்பமாகக் குறித்துவிடலாம். ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட் எப்போது எடுக்க வேண்டும் என்ற பேச்சும் அங்கேயே முடிந்துவிடும்.

இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுப் பட்டியல்களில் இன்னும் நிறைய உண்டு: ஈசாய் மரம், காலணிக்குள் பரிசு, நாளுக்கொரு கைவேலை. செய்யக் கூடாதென்றில்லை. ஆனால் அம்மா ஒருத்தியின் தோளில் இன்னொரு சுமையாக ஏறும் எந்த வழக்கமும் இரண்டாம் ஆண்டைத் தாண்டாது. மேலே சொன்னவற்றில் மூன்றைப் பிடித்துக்கொண்டாலே காலம் உயிரோடிருக்கும்.

திருமுழுக்கு ஞாயிறு வரும்போது நகரம் சங்கராந்திக்குத் தயாராகிவிடும். மாடிகளில் பட்டம் ஏறும். அந்த ஞாயிறன்று அலமாரியிலிருந்து ஒவ்வொருவரின் ஞானஸ்நான மெழுகுவர்த்தியையும் சான்றிதழையும் வெளியே எடுப்பது நல்லது. தாம் திருமுழுக்குப் பெற்ற தேதி ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் பலமுறை வற்புறுத்தியிருக்கிறார். தெரியாதவர்கள் அன்று தேடிக் கண்டுபிடித்து, திருக்காட்சியன்று குறித்த அதே காலண்டரில் எழுதிக்கொள்ளலாம். ஞானத்தாய்க்கும் ஞானத்தந்தைக்கும் ஒரு போன் செய்யலாம். பிறகு குடிலைக் கலைக்கலாம். விரும்புவோர் பாலன் சொரூபத்தை மட்டும், பிறப்பிலிருந்து நாற்பதாம் நாளான பிப்ரவரி 2 வரை செப மேடையில் வைத்திருக்கலாம். அன்று ஆலயத்தில் மெழுகுவர்த்திகளை மந்திரிப்பார்கள். வீட்டுக்கு ஆண்டு முழுவதும் வேண்டிய திரிகளை அங்கே கொண்டுபோக வேண்டும். அடுத்த வாரமே விஜயவாடா குணதலை மாதா திருவிழாவுக்குப் புறப்படும் குடும்பங்கள் அதிலிருந்து இரண்டை எடுத்து வைக்கும்.